நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடக் குறையவில்லை!

கால் வலி உயிரை எடுத்தது.

பூந்தமல்லியில் பஸ் ஏறியதிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை அஷ்ரஃபுன்னிசா நின்றுகொண்டேதான் வந்தாள். இடது கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. நான்கு மாதம் கையில் ஸ்டாப் வாட்சோடு சிமெண்ட் தரையில் நின்றதன் பலன் அது. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று கோமதி பிரஸ்ஸிங்ஸ் கேட்டை நோக்கி நொண்டினாள்.

கேட்டில் ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பியது!

"நீதான அந்தக் கம்ப்யூட்டர்காரி?"

முப்பது வயதுப் பெண். தலை வாரி ரெண்டு நாள் இருக்கும். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஆமா... நீங்க?"

"பத்மா. உத்தமன் பொண்டாட்டி. நீ எந்த ஆள ஜெயிலுக்கு அனுப்பினியோ, அந்த ஆளோட பொண்டாட்டி!"

அஷ்ரஃபுன்னிசாவுக்குக் கால் வலி மறந்துபோனது.

பதினோரு நாட்களுக்கு முன்னால்...

நாலரைக்கு ஷிப்ட் முடிந்து பார்த்தபோது, பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் சூப்பர்வைசர் தசரதன் செத்துக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. நான்கு பட்டை உள்ள ஏதோ ஒரு சதுரக் கம்பி. கம்பி கிடைக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு ஸ்டோர் நோட்டில் தசரதன் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு ஐம்பத்தேழுக்கு அவர் கேபினில் போன் அடித்தது. எடுக்க ஆளில்லை. அந்தப் பதினேழு நிமிடத்துக்குள் காரியம் முடிந்திருந்தது.

அன்று ஷெட்டில் மூன்றே பேர். தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸில் லட்சுமணன். துளை போடும் டிரில்லிங்கில் உத்தமன். கடைசியில், தார்ப்பாய்த் திரைக்குள் வெல்டர் இராமகிருஷ்ணன். தகடு மூன்று கையும் மாறினால் லாரிக்கு ஒரு பிராக்கெட் ஆகும். குவியலுக்குப் போய்த் திரும்ப எப்படியும் பன்னிரண்டு நிமிடம் வேண்டும்.

எழுந்து போனது யார்?

அதைச் சொன்னது அஷ்ரஃபுன்னிசாவின் கம்ப்யூட்டர். புது மிஷின் வாங்காமல் உற்பத்தியைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக, ஷெட்டையே அப்படியே அதற்குள் இறக்கி வைத்திருந்தாள். சிமுலேஷன். நிஜ மிஷினைத் தொடாமல், நிஜ ஆளை நகர்த்தாமல், ஒரு முழு ஷிப்டையும் நாற்பது நொடியில் ஓட்டிக் காட்டும்.

பிரஸ் ஒரு பீஸுக்கு அறுபது நொடி. டிரில் முப்பத்தைந்து. வெல்டிங் அறுபது. டிரில் நின்றாலும் வெல்டர் ஓட, திரைக்குள் எப்போதும் ஒரு குவியல் பீஸ் இருக்கும்; ஷிப்ட் முடிவில் அது குறையக்கூடாது.

லட்சுமணனைப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துவிட்டு ஓட்டினாள். நானூறு பீஸ் வந்தது.

இராமகிருஷ்ணனை எடுத்துவிட்டு ஓட்டினாள். நானூறு.

உத்தமனை எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு!

அன்றைய கணக்கு நோட்டில் இருந்ததும் நானூற்றுப் பன்னிரண்டுதான். ஒன்றுகூடக் குறையவில்லை. போய்விட்டு வந்தும் விட்டதைப் பிடிக்கக்கூடிய ஆள் உத்தமன் ஒருவன்தான். அதற்கு முந்தின நாள்தான் கேன்டீனில் தசரதனோடு கைகலப்பு வேறு. முடிந்தது கதை.

"நாளைக்குக் காலைல ஜாமீன் மனு," என்றாள் பத்மா. "நீ கையெழுத்துப் போட்டு, அந்தப் பேப்பர ஜட்ஜுகிட்ட நீட்டினா ஜாமீன் கெடைக்காதாம். வக்கீல் சொல்றாரு. போடப்போறியா?"

"நான் பொய் சொல்லலை, பத்மா. கணக்கு அப்படித்தான் வருது..."

"கணக்கா? எங்க ஊட்டுக்காரரு உன் கடியாரத்துக்கு முன்னாடி நடிக்கல. அதான் அவரு செஞ்ச குத்தம்!"

"என்னது?"

"நீ மொத மொத கடியாரத்த தூக்கிகினு வந்த அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சிரிச்சாரு. 'மெதுவா பண்ணு மச்சான், வேகத்த காட்டினா கோட்டாவ ஏத்திடுவானுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க பத்மா, என் கைக்கு வேற வேகம் தெரியாதே'ன்னாரு. போ! போயி எவன் நடிச்சான்னு பாரு!"

வாட்ச்மேன் ஓடி வந்து பத்மாவை வெளியே தள்ளினான்.

அஷ்ரஃபுன்னிசா உள்ளே நடந்தாள்.

நடித்தார்களா?

---

பத்து மணிக்கு மறுபடி ஷெட்டில் இறங்கினாள். கையில் ஸ்டாப் வாட்ச்.

'தட்டாம்ம்...!' பிரஸ் விழுந்தது. தரை அதிர்ந்தது.

லட்சுமணன் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயது. கழுத்து காளை மாட்டுக் கழுத்து. பார்வையிலேயே கடுப்பு.

"இன்னா மேடம், மறுபடியுமா? ஒர்த்தன உள்ள தள்ளினது பத்தலியா?"

"சரியா அளந்தேனான்னு பார்க்கணும், லட்சுமணன்."

"நல்லதுக்குச் சொல்றேன். கடியாரத்த எடுத்துகினு மேல போயிடுங்க. இல்லாங்காட்டி..."

"இல்லேன்னா?"

அவன் அடுத்த தகட்டை எடுத்து பிரஸ் அச்சில் அறைந்தான். 

வேகமாக நடந்து தார்ப்பாய்த் திரைக்கு வந்தாள். இராமகிருஷ்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். ஐம்பத்தைந்து வயது. முன்பல் ஒன்று இல்லை. ஷெட்டில் அவளை மனுஷியாக மதித்த ஒரே ஆள்.

"வாம்மா, வா. இன்னா, கால இழுத்துகினு வர? நரம்பா? ஒக்காரு மொதல்ல." வெளியே டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார். மேலே சாக்கை மடித்து வைத்தார். "டீ சொல்லவா?"

"வேண்டாம் அண்ணே. இன்னொரு தடவை உங்க வேலையை அளக்கணும்."

"அளந்துக்க தாயி. மறைக்கிறதுக்கு நம்மகிட்ட இன்னா கீது? இந்தா, கண்ணாடி. வெறுங்கண்ணால பாக்காத, அவிஞ்சிடும்."

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தாள். திரை ஓரத்தில் நீலத் தீ சீறி இரும்பை ஒட்டியது. ஒரு தையல். நிதானமாகப் பீஸைத் திருப்பினார். துடைத்தார். இன்னொரு தையல்.

அறுபது நொடி.

அறுபத்தொன்று.

அறுபது.

பத்துப் பீஸ் பார்த்தாள். பத்தும் அறுபதை ஒட்டியே வந்தன. பழைய கணக்கு அச்சுப் பிசகாமல் நின்றது.

"சரியா கீதா தாயி?"

"சரியா இருக்கு அண்ணே."

"உத்தமன் நல்ல பையன்தான். கோவம்தான் அவனுக்கு எமன். இன்னா பண்றது... ஆண்டவன் உட்ட வழி."

மனசில் ஓர் ஓரத்தில் நிம்மதி. இன்னொரு ஓரத்தில் பத்மாவின் சிவந்த கண். நடிக்கிறார்கள் என்றால் எங்கே நடிக்கிறார்கள்? பிரஸ் நடிக்க முடியாது. அது மோட்டார் அடிக்கிற வேகம். வெல்டிங்கும் சரியாக இருக்கிறது...

மாடியறையில் போன் அடித்தது. நொண்டிக்கொண்டே இரும்புப் படி ஏறினாள்.

"இன்ஸ்பெக்டர் குணசேகரன் பேசறேம்மா. மூணு மணிக்கு வர்றேன். ஸ்டேட்மெண்ட் டைப் பண்ணிட்டோம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"சார்... எனக்கு ஒரு சந்தேகம்..."

"சந்தேகப்படறதுக்கு கவர்மெண்ட் எனக்குச் சம்பளம் குடுக்குதும்மா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க!"

---

சரியாக மூன்று.

குணசேகரன் தொப்பியைக் கம்ப்யூட்டர் மேலேயே கழற்றி வைத்தார். கூட ஏட்டு. மேஜை மேல் நான்கு தாள். மேலே ஒரு பேனா.

"படிச்சுப் பார்த்துட்டீங்களா? கடைசிப் பக்கம். இங்க."

"சார், ஆளுங்க ஸ்டாப் வாட்சைப் பார்த்தா மெதுவா வேலை செய்வாங்கன்னு உத்தமன் சம்சாரம் சொல்றாங்க..."

"புருஷன் உள்ள இருந்தா எந்தப் பொண்டாட்டியும் எதுவும் சொல்லும். நீங்க இன்னிக்கு மறுபடி அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"மாறிச்சா?"

"மாறலை."

"அப்புறம் என்ன? நான் ஏழாங்கிளாஸ்லயே கணக்குல ஃபெயிலு. என்னை நம்பாதீங்க, உங்களை நம்புங்க. போடுங்க!"

பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். நிப்பு தாளைத் தொட்டது...

திடீரென்று எதுவோ மாறியது!

என்ன அது?

சத்தம். நான்கு மாதமாக நிமிடத்துக்கு ஒரு முறை அவள் நாற்காலியை அதிர வைத்த அந்தத் 'தட்டாம்'... வரவில்லை!

பிரஸ் நின்றுவிட்டது!

கீழே யாரோ கத்தினார்கள். "யோவ் லட்சுமணா! பிரஸ்ஸ உட்டுட்டு எங்கய்யா போற?"

இரும்புப் படியில் கனமான காலடி. தடக்... தடக்... தடக்...

கதவு படீரென்று திறந்தது. லட்சுமணன்! கையில் அரை முழ ஸ்பேனர். நெற்றியில் வியர்வை.

ஏட்டு லத்தியை உயர்த்தினார். அஷ்ரஃபுன்னிசா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கீழ போடுடா அதை!" என்றார் குணசேகரன்.

லட்சுமணன் அப்போதுதான் கையிலிருந்ததைக் கவனித்தான். வெட்கத்தோடு தரையில் வைத்தான்.

"மறந்து எடுத்துகினு வந்துட்டேன் சார். மேடம், கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இ... இல்லை."

"போடாதீங்க! உத்தமன் எங்கயும் போவல. அவன் டிரில்லு எனக்கு நாலடில கீது. அன்னிக்குப் பூரா அவன் டிரில்லு கத்திகினே இருந்திச்சு. ஒரு நிமிசம் நின்னிருந்தா என் காதுக்குத் தெரியும்!"

"பதினோரு நாளா உன் வாயில என்னடா, கொழுக்கட்டையா?"

"கேட்டீங்களா சார்? கம்ப்யூட்டரக் கேட்டீங்க. மேனேஜரக் கேட்டீங்க. என்னக் கேட்டீங்களா? அவன் ரெண்டாவது நாளே உள்ள பூட்டான். எதுனா சொன்னா நீயும் கூட்டாளியான்னு கேப்பீங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது!"

"இப்ப மட்டும் என்ன தைரியம்?"

"காலைல கேட்டாண்ட பத்மாவப் பாத்தேன். அப்பறம் சோறு எறங்கல."

குணசேகரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிரஸ்ஸை விட்டுட்டு நீ போயிருந்தா?"

"இப்ப உட்டுட்டுத்தான வந்துகீறேன்? கேளுங்க... எஸ்டேட்டே செத்தா மாதிரி கீது. அன்னிக்கு இந்த மாதிரி நின்னிச்சா? யார வேண்ணா கேளுங்க!"

உண்மை. அந்த அமைதி காதை அடைத்தது.

அஷ்ரஃபுன்னிசா ஜன்னலுக்குப் போனாள். கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் கூசக்கூடாதென்று கண்ணாடி முழுக்க அவளே செய்தித்தாள் ஒட்டியிருந்தாள். ஒரு மூலையைக் கிழித்தாள். கீழே பார்த்தாள். டிரில்லில் உத்தமனுக்குப் பதிலாக வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பிரஸ் நின்றதால் அவனுக்கு வேலை இல்லை.

ஆனால்...

கல்நார்க் கூரையில் நீல வெளிச்சம்!

தார்ப்பாய்த் திரை ஆளை மறைத்தது. வெளிச்சத்தை மறைக்கவில்லை. உள்ளே குவித்து வைத்திருந்த பீஸ்களை இராமகிருஷ்ணன் ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பீஸுக்கு இரண்டு தையல். கூரையில் இரண்டு மின்னல்.

பளிச்... பளிச்.

அவள் ஸ்டாப் வாட்ச் மேஜையில் கிடந்தது. தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"என்னம்மா, மந்திரமா சொல்றீங்க?"

"உஷ்!"

இன்ஸ்பெக்டரைப் பார்த்து 'உஷ்' என்றதற்கு ஏட்டு கண்ணை உருட்டினார். அவள் கவனிக்கவில்லை.

நாற்பது.

முப்பத்தொன்பது.

நாற்பது!

"யா அல்லாஹ்..."  நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன் இழுத்தாள். "சார்... நடிச்சது அவர்!"

"எவரு?"

அவள் விரல்கள் கீபோர்டில் பாய்ந்தன. வெல்டிங் என்ற இடத்தில் அறுபதை அழித்தாள். நாற்பது போட்டாள். இரண்டு நாற்பத்தைந்துக்கு வெல்டரை எழுப்பினாள். பன்னிரண்டு நிமிடம் வெளியே அனுப்பினாள். ஷிப்டை ஓட்டினாள்.

நாற்பது நொடி. நான்கு பேரும் மூச்சுவிடவில்லை.

திரையில் எண் வந்து நின்றது.

412.

"பாருங்க சார். இராமகிருஷ்ணண்ணே போயிருந்தாலும் ஒண்ணுகூடக் குறையாது! அவருக்கு மிச்சம் இருக்கிற நேரத்தை எனக்குக் காட்டவே இல்லை. உத்தமன் ஒருத்தர்தான் நிஜ வேகத்தைக் காட்டினார். அதனாலதான் கம்ப்யூட்டர் அவரைப் பிடிச்சுக் குடுத்துது!"

"போயிருக்கலாம்னு சொல்லுது. போனார்னு சொல்லலையே?" குணசேகரன் மோவாயைச் சொறிந்தார். "ஜட்ஜு என் தோலை உரிப்பாரும்மா."

"ஒரு பீஸுக்கு இருபது நொடி. நானூற்றுப் பன்னிரண்டு பீஸ். தினமும் ரெண்டே கால் மணி நேரம் சார்! அந்த நேரத்துல திரைக்குள்ள அவர் என்ன செய்றார்?"

கேள்வி இன்ஸ்பெக்டருக்கு. பார்வை லட்சுமணன் மேல்.

லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேடம், அத மட்டும் கேக்காதீங்க. தொழிலாளி தொழிலாளியக் காட்டிக் குடுக்க மாட்டான்."

"உத்தமன் யாரு? முதலாளியா?"

 கீழே நீல மின்னல் மட்டும் வெட்டியது.

"...கிரில்லு," என்றான் லட்சுமணன் அடிக்குரலில். "ஜன்னல் கிரில்லு. கம்பெனி ராடு, கம்பெனி கரண்டு. பழைய இரும்பு லாரில அடில போட்டு வெளிய அனுப்புவாரு. மூணு வருசமா நடக்குது. தசரதன் மோப்பம் புடிச்சிட்டாருன்னு அன்னிக்குக் காலைல பேச்சு கீந்திச்சு."

குணசேகரன் தொப்பியை எடுத்து மாட்டினார்.

---

ஏட்டும் லட்சுமணனும் அஷ்ரஃபுன்னிசாவும் பின்னால் வர, குணசேகரன் தார்ப்பாய்த் திரையை விலக்கினார்.

இராமகிருஷ்ணன் குனிந்திருந்தார். முகத்தில் முகமூடி. காலடியில், சாக்குக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது பாதி முடிந்த ஜன்னல் கிரில். நான்கு பட்டை உள்ள அதே சதுரக் கம்பிகள்!

"பெரியவரே, நல்லா இருக்கே. யார் வீட்டுக்கு?"

முகமூடி மெல்ல நிமிர்ந்தது. அதற்குள்ளிருந்து பழைய அதே குரல். "மேடம் சொல்லிச்சா? ஒக்கார டிரம் போட்டுக் குடுத்தேனே தாயி..."

மறு வினாடி...

வெல்டிங் ராடு இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேராகக் கிரில்லில் பாய்ந்தது! நீலத் தீ வெடித்தது!

"ஐயோ, கண்ணு!" குணசேகரன் முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார். ஏட்டும் குருடானார். சீறுகிற ராடோடு அந்தக் கை இன்ஸ்பெக்டரின் கழுத்தை நோக்கி இறங்கியது...

அஷ்ரஃபுன்னிசா நொண்டவில்லை. பாய்ந்தாள். தூணிலிருந்த மெயின் சுவிட்சில் தொங்கி, முழு பாரத்தோடு கீழே இழுத்தாள்.

டக்!

தீ செத்தது. கையில் வெறும் குச்சி.

லட்சுமணன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். "அண்ணாத்தே! போதும், அண்ணாத்தே... போதும்."

இராமகிருஷ்ணன் திமிறவில்லை. முகமூடியைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தார்.

"முப்பத்தோரு வருசம் இந்தப் பொகைய முழுங்கினேன். ரெண்டு பொண்ணு. ஓட்டைக் கூரை. கொஞ்சம் கம்பி எடுத்தா குத்தமா? தசரதன் போலீசுக்குப் போவேன்னான். கால்ல விழுந்தேன். எட்டி ஒதைச்சான்... கைல கம்பி கீந்திச்சு."

குணசேகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்தார். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

"அந்தக் கம்பி எங்கேய்யா?"

"வந்ததும் கிரில்லோட வெச்சு ஒட்டிட்டேன். செவப்புப் பெயிண்ட் அடிச்சு மறுநா லாரில போயிடிச்சு."

"எந்த ஊருக்கு?"

"கோவில்பதாகை. புது ஊடு ஒண்ணு கட்றாங்க. ரோட்டப் பாத்த ஜன்னல். எடப்பக்கத்துல இருந்து மூணாவது கம்பி."

"யார் வீடு அது?"

"பேர் தெரியாது சார். சல்லிசா வேணும்னு கேட்டாராம். போலீஸ்காரர்னு லாரிக்காரன் சொன்னான்."



ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "சார்... உங்க புது வீட்டு கிரகப்பிரவேசம் அடுத்த வாரந்தானே?"

"வாயை மூடுய்யா!" என்று அலறினார் குணசேகரன்.

---

மறுநாள் சாயங்காலம். ஜெயில் வாசல்.

ஜன்னலில் ஒரு கம்பி குறைந்த வீட்டுக்காரர் காலையிலேயே கோர்ட்டுக்குப் போய், ஜாமீனுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

சின்னக் கதவு திறந்தது. உத்தமன் வெளியே வந்தான். ஒல்லியாக இருந்தான். பத்மா ஓடிப்போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, நெஞ்சில் முட்டி அழுதாள். அப்புறம் திரும்பி அஷ்ரஃபுன்னிசாவைப் பார்த்தாள். முறைக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"நான்... என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் அஷ்ரஃபுன்னிசா. "என் கணக்கு தப்பு. உங்களுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

உத்தமன் பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம். பன்னெண்டு நாள் நீங்க எனக்கு பாக்கி. அத எப்பிடிக் குடுக்கறதுன்னு யோசிங்க. கம்ப்யூட்டர மட்டும் கேட்டுடாதீங்க... நான் ஜெயில்லயே இல்ல, எழுந்து எங்கயோ பூட்டேன்னு சொல்லிடும்!"